கேட்டதும் சொன்னதும்: துணிப்பையும் ரேடியோவும்

சென்ற இதழில் ஒரு வாசகி, "பப்ளிக் ரேடியோவுக்கு நன்கொடை கொடுத்தால் துணிப்பை தருகிறார்களே, அது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார். நானும் விளையாட்டாக, "பை உழைக்கும், ரேடியோதான் உழைக்குமா தெரியவில்லை" என்று எழுதிவைத்தேன். பப்ளிக் ரேடியோ என்றால் வியாபார நோக்கமில்லாமல், கேட்பவர்களின் நன்கொடையிலும் அரசாங்கப் பணத்திலும் ஓடிவந்த ரேடியோ; அந்த அரசாங்கப் பணம் இப்போது நின்றுவிட்டது, அதைத்தான் சொன்னேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் பாதி கவலை, பாதி சண்டை. அதனால் இந்த முறை சமையல், விசா, மாமியார் கேள்விகள் எல்லாம் காத்திருக்கட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் நார்த் கரோலினாவின் மேற்கே மலைப்பக்கம் இருக்கிறேன். வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் வந்து, பொழுதுபோகாமல் பக்கத்து ஊர் ரேடியோ ஸ்டேஷனில் நன்கொடை வாரத்துக்குப் போன் எடுக்கப் போனவள். கிரீன் கார்டு வந்ததும் அங்கேயே மெம்பர்ஷிப் டெஸ்க்கில் உட்காரவைத்துவிட்டார்கள். 14 வருஷம். 2023-ல் ஓய்வு. ஸ்டேஷன் பெயரைக் கேட்காதீர்கள், சின்ன ஊர்.

அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது என்கிறீர்கள். காலையில் காரில் போட்டால் வழக்கம்போலத்தானே பேசுகிறார்கள்? (நியூ ஜெர்சி வாசகர்)

பேசுவார்கள் தம்பி. உங்கள் ஊரில் கடைசி வரைக்கும் பேசுவார்கள். அதுதான் விஷயமே.

எல்லோரும் "என்.பி.ஆருக்குக் கொடுத்த பணம்" என்று சொல்கிறார்கள். என்.பி.ஆர். என்பது உள்ளூர் ஸ்டேஷன்களுக்குச் செய்தியும் நிகழ்ச்சியும் தயாரித்துக் கொடுக்கும் அமைப்பு. ஆனால் அந்தப் பணம் போனது சி.பி.பி. என்ற வேறொரு அமைப்புக்கு. கார்ப்பரேஷன் ஃபார் பப்ளிக் பிராட்காஸ்டிங். 1967 நவம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. அதற்கென்று ஒரு சேனலும் இருந்ததில்லை, ஒரு மைக்கும் இருந்ததில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்ததை வாங்கிப் பங்குவைத்தது, அவ்வளவுதான். அதிலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் நாடு முழுக்க இருக்கிற 1,500-க்கும் அதிகமான உள்ளூர் ரேடியோ, டிவி ஸ்டேஷன்களுக்கு நேராகப் போனது. என்.பி.ஆர். தலைமையகத்தின் வரவு செலவில் நேரடி அரசாங்கப் பணம் சுமார் ஒரு சதவீதமாக இருந்தது. டிவி ஸ்டேஷன்களுக்கு நிகழ்ச்சி கொடுக்கும் பி.பி.எஸ்.ஸுக்கு 15 சதவீதம் போல.

2025 ஜூலையில் காங்கிரஸ், ஏற்கெனவே ஒதுக்கிய 900 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. பெரும்பகுதி வெளிநாட்டு உதவி. 110 கோடி டாலர் சி.பி.பி.யின் இரண்டு வருஷப் பணம். செனட்டில் 51-க்கு 48, கீழ்சபையில் 216-க்கு 213. ஜூலை 24-ல் ட்ரம்ப் கையெழுத்து. ஆகஸ்ட் 1-ல் சி.பி.பி. கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. செப்டம்பர் கடைசியோடு பெரும்பாலான ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2026 ஜனவரி 5-ல் நிர்வாகக் குழு வோட்டுப் போட்டு அமைப்பையே கலைத்துவிட்டது.

இப்போது பங்கைப் பாருங்கள். பெரிய நகரத்து ஸ்டேஷனில் அந்தப் பணம் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி. அங்கே சந்தாக்காரர்கள் லட்சக்கணக்கில், பணக்காரர்கள், அறக்கட்டளைகள், வங்கி விளம்பரங்கள். எங்களுக்கு அதுதான் சோறு. எங்கள் ஊரில் விளம்பரம் கொடுக்கக்கூடியவர்கள் ஒரு பல் டாக்டர், ஒரு மாட்டுத்தீவனக் கடை, ஒரு சவ அடக்கம் நடத்துகிறவர். அவர்களும் ரேடியோவில் விலை சொல்லக்கூடாது, "வாருங்கள், வாங்குங்கள்" என்று கூப்பிடக்கூடாது, "சிறந்த" என்ற வார்த்தைகூட வரக்கூடாது. வர்த்தக நோக்கமில்லாத லைசென்ஸுக்கு, ரேடியோ, டிவியைக் கட்டுப்படுத்தும் அரசாங்க அமைப்பான எஃப்.சி.சி. போட்ட விதி அது. தீவனக் கடைக்காரர் ஒருமுறை என்னிடம், "அப்புறம் நான் எதுக்கம்மா காசு தரணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் தந்தார்.

ஆக, உங்கள் காரில் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இரண்டு மலை இருக்கிறது, அவ்வளவுதான்.

தலைக்கு எவ்வளவு வருகிறது இந்தப் பணம்? (ஃப்ரீமான்ட் வாசகி)

வருஷத்துக்கு ஒன்றரை டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு காபிக்குக்கூடப் போதாது. வருஷத்துக்கு 53.5 கோடி டாலரை ஜனத்தொகையால் வகுத்தால் 1.60 வரும்.

யார் இப்போது ரேடியோ கேட்கிறார்கள்? எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அவசரம் என்றால் அதிலேயே அலர்ட் வருகிறது. (டல்லாஸ் வாசகர்)

நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ரேடியோவில் சம்பளம் வாங்கிய காலத்திலும், ஓய்வுக்குப் பிறகும். 2024 செப்டம்பர் 27 வரைக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஹெலீன் புயல் கடலிலிருந்து இவ்வளவு தூரம் மலைக்கு ஏறி வரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. காலையில் முதலில் கரண்ட் போனது. பிறகு இன்டர்நெட். பத்து மணி வாக்கில் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்து, "எஸ்.ஓ.எஸ்." என்று மட்டும் நின்றது. கடைசியாகக் குழாயில் தண்ணீர் போனது. செல்போன் டவருக்கு ஃபைபர் கேபிள் வேண்டும், கேபிள் ரோட்டோரம் போகிறது, ரோடு ஆற்றோடு போய்விட்டது. அலர்ட் அனுப்பினால் வாங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ரேடியோ கார் ரேடியோதான். பெட்ரோல் பாதி டாங்க். அதனால் வீட்டுக்காரர் ஒரு கணக்கு போட்டார்: ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம். ப்ளூ ரிட்ஜ் பப்ளிக் ரேடியோ காற்றில் இருந்தது. கவுன்டி அதிகாரிகள் பேசுவதை அப்படியே நேரடியாகப் போட்டார்கள். எந்த ரோடு உடைந்தது, தண்ணீர் எங்கே கொடுக்கிறார்கள், பாத்திரம் நீங்கள் கொண்டுவர வேண்டுமா, இன்சுலின் வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும். பாட்டு இல்லை, அலசல் இல்லை. ஒரு பெண் நிதானமாகப் படித்துக்கொண்டே போவாள். நான் கொலு அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போவேன்.

மூன்றாம் நாள் எங்கள் காரைச் சுற்றி ஒன்பது பேர். எதிர்வீட்டுக் கிழவர் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார். நான்கு கதவையும் திறந்துவைத்து, சத்தத்தை ஏற்றி, டிரைவ்வேயில் சபை. ஃபிரிட்ஜில் இருந்த தோசை மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது, வைத்திருந்து என்ன செய்ய என்று காம்ப் ஸ்டவ்வில் வார்த்துக்கொடுத்தேன். "பான்கேக் ஏன் புளிக்கிறது?" என்று கிழவர் கேட்டார், நான்கு தின்றுவிட்டு. ஆஷ்வில் நகரக் குழாயில் குடிக்கத்தக்க தண்ணீர் திரும்பி வர 53 நாள் ஆயிற்று. நவம்பர் 18. அதுவரை எங்கே தண்ணீர் லாரி நிற்கிறது என்று கேட்டுத்தான் பொழுது விடிந்தது.

மலைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போகும், மலையைச் சுற்றி வளையாது. அதனால் ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வைக்க வேண்டும், டிரான்ஸ்லேட்டர் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கரண்ட் பில், இடத்துக்கு வாடகை, இடி விழுந்தால் பழுது. முந்நூறு வீடு இருக்கிற பள்ளத்தாக்குக்கு வியாபார ரேடியோ எதுவும் இதைச் செய்யாது. செய்தால் நஷ்டம். சி.பி.பி. பணம் இந்த மாதிரி இடத்தில்தான் செலவானது. எங்கள் இன்ஜினியர் ஒரு பனிக்காலத்தில் மலைமேல் ஜெனரேட்டருக்கு புரொபேன் தீர்ந்துவிட்டதென்று சிலிண்டரைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். அன்று ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது தோட்டக்கலை நிகழ்ச்சி.

இன்னும் தூரத்துக்குப் போவோம். 2025 ஜூலை 16, அலாஸ்காவின் சாண்ட் பாயின்ட் பக்கம் கடலில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. அங்கே ஊர் ரேடியோ கே.எஸ்.டி.பி. அதே நாளில் வாஷிங்டனில் செனட், அந்த ரேடியோவின் பணத்தை எடுப்பதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது. அலாஸ்கா செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி இதைச் சுட்டிக்காட்டினார். ரிபப்ளிகன்களில் அவரும் மெய்ன் செனட்டர் சூசன் காலின்ஸும் எதிர்த்து வோட்டுப் போட்டார்கள். விடியற்காலையில் மசோதா நிறைவேறிவிட்டது.

அலாஸ்காவிலேயே பெத்தெல் என்று இன்னொரு ஊர். ரோடு வழியாகப் போய்ச்சேர முடியாது, விமானம் அல்லது ஆறு. அங்கே கே.ஒய்.யு.கே. என்ற ஸ்டேஷன் 1971 முதல் இங்கிலீஷிலும் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் யூப்பிக் மொழியிலும் ஒலிபரப்புகிறது. வருமானத்தில் சுமார் 70 சதவீதம் சி.பி.பி. பணமாக இருந்தது. பணம் நின்ற அதே அக்டோபரில், ஹாலோங் புயலின் மிச்சம் அந்தக் கரையைத் தாக்கியது. கிப்னக், க்விகிலிங்கோக் கிராமங்களில் வீடுகள் ஆட்களோடு மிதந்து போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி வெளியேற்றினார்கள். யூப்பிக் மட்டும் தெரிந்த ஒரு பாட்டிக்கு "இந்த விமானத்தில் ஏறு" என்று அவள் மொழியில் சொல்ல எந்த ஆப் இருக்கிறது, சொல்லுங்கள்.

நீங்கள் டல்லாஸில் இருக்கிறீர்கள். போன் போதும், ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா, நான் ரிபப்ளிகன். என் வரிப் பணத்தில் என்னையே திட்டும் செய்தியை நான் ஏன் கேட்க வேண்டும்? ஒருபக்கச் சாய்வு இல்லை என்று மனசாட்சியோடு சொல்ல முடியுமா? (ஹூஸ்டன் வாசகர்)

முடியாது. சாய்வு இருக்கிறது என்பது என் அபிப்பிராயமும்தான். இது நான் மட்டும் சொல்வதில்லை. 2024 ஏப்ரலில் என்.பி.ஆரின் மூத்த எடிட்டர் யூரி பெர்லினர், நாங்கள் ஒரே மாதிரி யோசிக்கிறவர்களின் கூடாரமாகிவிட்டோம் என்கிற பொருளில் வெளிப்படையாகவே எழுதினார். சில நாளில் ராஜினாமா செய்தார். அந்த வாரம் எங்கள் பழைய ஸ்டேஷனுக்கு வந்த போன்களை என் தோழி எண்ணிக்கூடப் பார்க்கவில்லையாம். கோபப்பட்டவர்களில் பலர் வருஷக்கணக்காகச் சந்தா கட்டியவர்கள்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். "என்.பி.ஆருக்கு ஒரு சதவீதம்தான்" என்று மேலே எழுதினேனே, அது பாதிக் கணக்கு. உள்ளூர் ஸ்டேஷன்கள் சி.பி.பி.யிடம் வாங்கிய பணத்தையும் சேர்த்துத்தான் நிகழ்ச்சிக் கட்டணமாக என்.பி.ஆருக்குக் கட்டின. சுற்றிவளைத்துக் கொஞ்சம் போய்ச்சேர்ந்தது. எங்கள் ஆட்கள் இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஆனால் ஐயா, உங்கள் கோபம் வாஷிங்டனில் இருக்கிற என்.பி.ஆர். ஸ்டூடியோமேல். அடி விழுந்தது மலைமேல் இருக்கிற டிரான்ஸ்மிட்டர்மேல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே மூட்டைப்பூச்சி இருந்தது ஒரு வீடு, கொளுத்தியது வேறு வீடு. என்.பி.ஆர். தன் பட்ஜெட்டில் 80 லட்சம் டாலரைக் குறைத்துக்கொண்டு, ஸ்டேஷன்களுக்குக் கை கொடுப்பதாகச் சொல்லி நடந்துகொண்டிருக்கிறது. பி.பி.எஸ். 21 சதவீதம் வெட்டிக்கொண்டு நடக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் அன்று காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் உங்கள் கட்சிக்கு வோட்டுப் போட்டவர்கள். கிழவர் உங்கள் கட்சித் தொப்பியே போட்டிருந்தார்.

அரசாங்கம் காசு கொடுத்தால் அரசாங்கம் சொல்வதைத்தானே பேசுவார்கள் என்று நீங்கள் அடுத்து கேட்கலாம். அதற்காகத்தான் எழுபதுகளிலிருந்து காங்கிரஸ் இரண்டு வருஷத்துக்கு முன்கூட்டியே பணத்தை ஒதுக்கிவந்தது. இன்று ஒரு செய்தி பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே கழுத்தைப் பிடிக்க முடியாமல் இருக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடு. கொடுத்ததைத் திரும்ப எடுக்க ஒரு வோட்டு போதும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நான் கும்பகோணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரன் பி.பி.எஸ். கார்ட்டூனில்தான் இங்கிலீஷ் எழுத்து கற்றுக்கொண்டான். அது நின்றுவிடுமா? (ஓஹையோ, ஒரு பாட்டி)

உடனே நிற்காது மாமி. புதுசு குறையும், பழசு திரும்பத் திரும்ப வரும். பேரனுக்கு அது பிடிக்கத்தான் செய்யும். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அர்கன்சாஸ் மாநிலக் கல்வி டிவி, கட்டணம் கட்டி முடியாது என்று 2026 ஜூலையோடு பி.பி.எஸ்.ஸை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் முடிவு செய்தது.

உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன், பேரன் தூங்கினபிறகு இன்டர்நெட்டில் பாருங்கள், படம் கிடைக்கிறது. 1969 மே 1. இதே மாதிரிப் பணத் தகராறு, 2 கோடி டாலர். செனட் துணைக்குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர், கறாரான மனிதர். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தும் ஃப்ரெட் ராஜர்ஸ் என்பவர் எதிரே உட்கார்ந்து, எழுதிக்கொண்டுவந்ததைப் படிக்காமல், ஆறேழு நிமிஷம் மெதுவாகப் பேசுகிறார். கோபம் வந்தால் குழந்தை என்ன செய்யலாம் என்பதைப் பற்றிய தன் பாட்டின் வரிகளைச் சொல்லிக்காட்டுகிறார். பாஸ்டோர் தனக்குப் புல்லரிக்கிறது என்கிறார், 2 கோடி கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அறை சிரிக்கிறது.

2025-ல் என்.பி.ஆருக்கும் பி.பி.எஸ்.ஸுக்கும் பணம் போகக்கூடாது என்று ஜனாதிபதி உத்தரவு போட்ட தேதி என்ன தெரியுமா? மே 1. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்கு அந்தத் தேதி உறுத்துகிறது.

அக்கா, உங்கள் பழைய ஸ்டேஷன் இப்போது எப்படி இருக்கிறது? (சார்லட் வாசகி)

ஓடுகிறது. சம்பளக்காரர்கள் ஒன்பது பேராக இருந்தார்கள், இப்போது ஐந்து. கவுன்டி கமிஷன் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து செய்தி எழுதிய பையன் இல்லை. அதைக் கவனித்த ஆள் அவன் ஒருத்தன்தான். குப்பை லாரிக்காரனோடு என்ன ஒப்பந்தம், பள்ளிக்கூடக் கூரை ஏன் ஒழுகுகிறது என்பதெல்லாம் இனி கூட்டத்துக்குப் போகிற நாலு பேருக்குத்தான் தெரியும்.

வெளியே தெரியாத சங்கடங்கள் வேறு. ரேடியோவில் ஒரு பாட்டு போட்டால் எழுதியவருக்கும், அதையே இன்டர்நெட்டிலும் ஒலிபரப்பினால் பாடியவருக்கும் உரிமைப் பணம் போக வேண்டும். இதையெல்லாம் சி.பி.பி. நாடு முழுக்க ஒரே ஒப்பந்தமாகப் பேசி முடித்து வைத்திருந்தது. நாங்கள் சனிக்கிழமை ராத்திரி பான்ஜோ வாசித்தவர்களை நிம்மதியாகப் போட்டோம். இப்போது அந்தப் பேச்சுவார்த்தையை யார் செய்வது, யார் கட்டுவது என்று புதிதாகத் தொடங்க வேண்டும். சனிக்கிழமை நிகழ்ச்சி ஒரு மணி நேரமாகக் குறைந்துவிட்டது.

என் பழைய மேஜையில் ஒரு டப்பா இருந்தது, செக்கோடு வந்த கடிதங்களைப் போட்டுவைப்பேன். ஒரு பாட்டி மாதாமாதம் பத்து டாலர் அனுப்புவார், பென்சிலில் எழுதி. ஜனவரியில் மட்டும் ஐந்து, "புரொபேன் விலை ஏறிவிட்டது, மார்ச்சில் சரிசெய்கிறேன்" என்று. மார்ச்சில் பதினைந்து வரும், ஜனவரி பாக்கியையும் கணக்குவைத்து. அவர் இப்போது இல்லை. டப்பாவை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், ஸ்டேஷனில் கேட்டுவிட்டுத்தான்.

தமிழ் ஆட்கள் நன்கொடை கொடுப்பதுண்டா? உண்மையைச் சொல்லுங்கள். (அட்லான்டா வாசகர்)

14 வருஷத்தில் என் பட்டியலில் நம் பெயர்கள் மூன்று. அதில் ஒன்று நான். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாரிக்கொடுப்போம், தமிழ்ப் பள்ளிக்கு மனசார எழுதுவோம். ரேடியோவை மட்டும் தண்ணீர், காற்று மாதிரி நினைத்துவிட்டோம். ஊரில் தபாலாபீசில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய அப்பாவின் பிள்ளைகள்தான் நாம். இங்கே கேட்பவர் கட்டியே தீரவேண்டும் என்ற சட்டம் இல்லை என்று தெரிந்ததும் மறந்துபோயிற்று. நானே முதல் ஆறு வருஷம் கட்டவில்லை, வேலைதான் செய்கிறோமே என்று.

சரி அக்கா, நான் இப்போது கட்டலாம் என்று நினைக்கிறேன். யாருக்கு, எப்படி? (அதே சார்லட் வாசகி)

என்.பி.ஆர். தலைமையகத்துக்கு வேண்டாம், நியூயார்க் மாதிரிப் பெரிய நகரத்து ஸ்டேஷனுக்கும் வேண்டாம். நீங்கள் விடுமுறைக்கு மலைக்கு வரும்போது வழியில் கார் ரேடியோ எந்த எண்ணில் நிற்கிறதோ, அந்த ஸ்டேஷனுக்குக் கட்டுங்கள். ஒரே தடவையில் நூறு டாலரைவிட மாதம் எட்டு டாலர் மேல், சம்பளம் போடுகிறவர்களுக்கு அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் கம்பெனியில் ஊழியர் நன்கொடைக்குச் சமமாகப் போடும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் உண்டு. ஓடாத பழைய காரைக்கூட எடுத்துக்கொள்வார்கள்.

படிவத்தின் கடைசியில் "அன்பளிப்பு வேண்டாம்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிடுங்கள். ஒரு பை வாங்கி, அச்சடித்து, தபாலில் அனுப்ப ஆகும் செலவு எனக்குத் தெரியும். தவிர, என்னிடம் பதினொன்று இருக்கிறது. வேண்டுமென்றால் ஒன்று அனுப்புகிறேன்.